மச்சான் காயப்போட்ட மூளை

போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை காலைல பதினொரு மணிக்கு எனக்கு ஒரு ஆட்டு மூளை தேவைப்பட்டிச்சு.

சாப்பிட இல்ல. படிப்பிக்க.

நான் தில்லையடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆள். வேலைக்குச் சேர்ந்து மூண்டு வருஷமாகுது. இந்த மூண்டு வருஷமும் தகுதிகாண் காலம். அது முடிஞ்சு வேலை நிரந்தரமாகணும் எண்டா, ஆசிரிய ஆலோசகர் ஒருத்தர் வந்து, வகுப்பில கடைசிப் பெஞ்சில, பின்வாங்குல இருந்து, நாங்க படிப்பிக்கிறதைப் பார்த்து அறிக்கை எழுதணும்.

ஏற்கெனவே ஒருக்கா ஒரு மேடம் வந்து எழுதிட்டுப் போயிட்டாங்க. "கற்பித்தல் சாதனம் எதுவும் பயன்படுத்தப்படவில்லை" எண்டு. அண்டைக்கு நான் படிப்பிச்சது காற்று. காற்றைப் படிப்பிக்க என்னத்தை மேடம் கொண்டுவந்து காட்டுறது எண்டு கேட்டேன். அப்படிக் கேட்டதையும் எழுதிட்டாங்க.

ரெண்டாந்தரமும் இப்படி ஒரு அறிக்கை வந்தா, தகுதிகாண் காலத்தை இன்னொரு வருஷத்துக்கு நீட்டுவாங்க. எனக்கு அது பெரிய பயம். ஒவ்வொரு பெருநாளைக்கும் மனைவி வீட்டு ஆக்கள் வட்டிலப்பத்தைக் கையில தந்துட்டு, "இன்னும் நிரந்தரம் ஆகல்லையா?" எண்டு கேப்பாங்க. அதுக்குப் பிறகு அந்த இனிப்பு வட்டிலப்பமும் கசக்கும்.

இந்தமுறை பாடம் மனித மூளை. பதினோராம் தரம். பாடப் புத்தகத்தின்படி பெரிய பகுதிகள் மூண்டு. மேல சுருக்கம் சுருக்கமா இருக்கிற பெரிய பகுதி மூளையம். யோசிக்கிறது, ஞாபகம் வைக்கிறது, நினைச்சபடி கைகாலை அசைக்கிறது எல்லாம் அதுட வேலை. அதுக்குக் கீழ, பின்பக்கமா இருக்கிற சின்னப் பகுதி மூளி. விழாம நிக்கிறதும் நடக்கிறதும் அதால. அடியில வால் மாதிரி இறங்குறது நீள்வளைய மையவிழையம். மூச்சு, இதயத் துடிப்பு, இருமல், தும்மல் எல்லாம் அதுட பொறுப்பு. ஆட்டு மூளையிலயும் இதே மூண்டும் இருக்கு.

ஒரு பெரிய தாளில படம் கீறிக் கொண்டு போயிருக்கலாம். இப்ப தெரியுது. அப்ப எனக்கு உண்மையான மூளை வேணும் எண்டு ஒரு வெறி. என்ட தலைக்குள்ள ஒண்டு இருந்திருந்தா அதைக் கேட்டிருப்பேன்.

சனிக்கிழமை விடியவே இறைச்சிக் கடைக்குப் போனேன். கடைக்காரரிட்ட, ஆட்டு மூளை ஒண்டு வேணும், உடையாம, வாலோட முழுசா வேணும் எண்டு சொன்னேன். எத்தனை பேருக்கு எண்டு கேட்டார்.

"நாற்பத்திரெண்டு பேருக்கு."

கத்தியைக் கீழ வச்சுட்டு என்னை மேலயும் கீழயும் பார்த்தார். ஒரு மூளை, நாற்பத்திரெண்டு பேர். வீட்டில கஷ்டமா எண்டு குரலைத் தாழ்த்திக் கேட்டார். இல்ல, பாடத்துக்கு எண்டு சொன்னேன். அவருக்கு நம்பிக்கை வரல்ல. மூளையோட ஈரல் துண்டு ஒண்டையும் சும்மா வச்சுச் சுத்தித் தந்தார்.

மூளை வீட்டுக்கு வந்திச்சு. பிரிட்ஜைத் திறந்தேன். மனைவி நஸ்ரியா பின்னால வந்து நிண்டா.

அவ நேர்மையான மனுசி. முன்கூட்டியே சொல்லிட்டா.

"இதை இதுக்குள்ள வச்சீங்கண்டா நான் பாடம் எண்டு பார்க்க மாட்டேன். மிளகு போட்டுப் பொரிச்சிடுவேன். பிறகு என்னைக் கேக்கப்படாது."

நான் சிரிச்சேன். அவ சிரிக்கல்ல. கையில ஏற்கெனவே மிளகுப் போத்தல் இருந்திச்சு.

சரி, பிரிட்ஜ் வேணாம், பிணம் கெடாம வைக்கிற போமலின்ல போட்டு வைப்பம் எண்டு மருந்துக் கடைக்குப் போனேன். போமலின் எண்ட உடனே அந்த மனுசனுக்கு முகம் மாறிட்டுது. யாரு மவுத்து எண்டு கேட்டார். எங்கட ஆக்கள் மையித்தை அண்டண்டைக்கே அடக்கிடுவாங்க, இவன் என்னத்துக்குப் போமலின் தேடுறான் எண்டு அவருக்குச் சந்தேகம் வந்திருக்கும். ஆடு எண்டு சொன்னேன். அவர் எனக்குப் பின்னால நிண்ட ஆளைப் பார்த்து, உங்களுக்கு என்ன வேணும் எண்டு கேட்டார்.

அப்பதான் எனக்கு அந்த யோசனை வந்திச்சு.

நஸ்ரியாட நானா, என்ட மச்சான், பாரூக். கண்டக்குழிக் கடற்கரையில கருவாட்டு வாடி, கருவாடு போடுற கொட்டில், வச்சிருக்கிறார். சூரை, கட்டா, திருக்கை, எது வந்தாலும் கெடாமப் பக்குவம் பண்ணி அனுப்புற ஆள். ஊரில அவர்ட கருவாட்டுக்கு ஒரு மரியாதை இருக்கு. போன் பண்ணி விசயத்தைச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை வரைக்கும் மூளை கெடாம இருக்கணும், வேற ஒண்டும் வேணாம்.

மச்சான் சிரிச்ச சிரிப்பில போன் அதிர்ந்திச்சு.

"கடலையே கெடாம வச்சுக்கிட்டு இருக்கோம் மச்சான். ஒரு ஆட்டு மூளையை வைக்க ஏலாதா? கொண்டு வாங்க."

அந்த நம்பிக்கை எனக்குப் பிடிச்சுது. மூளையை ஐஸ் போட்ட பெட்டியில வச்சுக்கொண்டு மோட்டர் சைக்கிள்ல கண்டக்குழிக்குப் போனேன். மச்சான் ரெண்டு கையாலயும் வாங்கினார். உப்புத்தண்ணியில போட்டு வைங்க, போதும் எண்டு சொன்னதா எனக்கு நல்ல ஞாபகம். அப்படி ஒண்டும் சொல்லல்ல, கெடாம வைங்க எண்டுதான் சொன்னீங்க எண்டு மச்சான் இண்டைக்கும் சொல்றார். ஞாபகம் எண்டது மூளையத்திட வேலை எண்டு மேல எழுதியிருக்கேன். என்ட மூளையத்தை நம்பி நான் சத்தியம் பண்ண மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை சுபஹு தொழுத கையோட வெளிக்கிட்டேன். ஏழு மணிக்கு வாடியில நிண்டேன்.

மச்சான் சந்தோசமா வந்து கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போனார். காயப்போடுற பரணுக்கு. வரிசையா கட்டாக் கருவாடு. அதுக்குப் பக்கத்தில வெயிலுக்கு முகம் காட்டிக்கொண்டு ரெண்டு கபில நிறத் துண்டு. உள்ளங்கைக்குள்ள அடங்குற அளவு. சுருங்கி, உப்புப் பூத்து.

"எப்படி?" எண்டார் மச்சான்.

நான் மற்றதெல்லாம் எங்க எண்டு கேட்டேன்.

மச்சான் விளங்கப்படுத்தினார். வந்த உடனே நல்லாக் கழுவினாராம். பிறகு மீனைப் பிளக்கிற மாதிரி நடுவால ரெண்டாப் பிளந்தாராம், இல்லாட்டி உப்பு உள்ளுக்கு இறங்காதாம். பின்னால செவுள் மாதிரி ஒரு கட்டி இருந்திச்சாம், அதுதான் முதல்ல நாறும் எண்டு கிள்ளி எறிஞ்சாராம். அடியில இருந்த வாலை வெட்டி விட்டாராம்.

மூளி காகத்துக்குப் போயிட்டுது. நீள்வளைய மையவிழையம் பூனைக்கு.

"மச்சான், அந்த வாலாலதான் ஆடு மூச்சு விடுறது" எண்டேன்.

மச்சான் என்னை இரக்கமாப் பார்த்தார்.

"ஆடு சனிக்கிழமையே முடிஞ்சு போச்சே மச்சான். இனி மூச்சு என்னத்துக்கு?"

நான் அப்படியே மணல்ல குந்திட்டேன். பதினொரு மணிக்குப் பாடம். மேடம் வாறாங்க. கையில மூண்டில ஒரு பகுதி மூளை. அதுவும் கருவாடு. இறைச்சிக் கடைக்குப் போன் பண்ணினா, செவ்வாய்க்கிழமை அறுக்கிறதில்ல, ஈரல் நல்லா இருந்திச்சா எண்டு கேக்கிறார்.

எனக்குக் கண் கலங்கிட்டுது. வெக்கத்தை விட்டுச் சொல்றேன், உண்மையாவே கலங்கிட்டுது. நிரந்தரமாகாட்டி என்ன நடக்கும் எண்டு மச்சானிட்ட எல்லாத்தையும் சொன்னேன். அறிக்கை, இன்னொரு வருஷம், வட்டிலப்பம் வரைக்கும் சொன்னேன்.

வட்டிலப்பம் தர்ற வீட்டு ஆக்கள்ல இவரும் ஒருத்தர் எண்டது சொல்லி முடிச்ச பிறகுதான் ஞாபகம் வந்திச்சு.

மச்சான் கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். பிறகு என்ட பாடப் புத்தகத்தை வாங்கி, மூளைப் படத்தை விரிச்சு, பரணில வச்சுப் பார்த்தார். வலையில எங்க கிழிஞ்சிருக்கு எண்டு தேடுற பார்வை அது.

"பொறுங்க" எண்டுட்டு உள்ள போனார்.

வரேக்குள்ள ஒரு கையில காயவச்ச மீன்சினை. ரெண்டு பக்கமும் புடைச்சு, நடுவால ஒரு கோடு. மற்றக் கையில காய்ஞ்ச கடலட்டை ஒண்டு. கறுப்பா, விரல் அளவுக்கு. படத்தோட வச்சுப் பார்த்தா, அல்லாஹ் மேல ஆணையாச் சொல்றேன், கொஞ்சம் பொருந்திச்சு.

பிறகு வலை பொத்துற ஊசியையும் நீல நைலோன் நூலையும் எடுத்தார். ரெண்டு கபிலத் துண்டையும் சேர்த்து ஒரு தையல். சினையை ஒரு தையல். அட்டையை ஒரு முடிச்சு. இழுத்துப் பார்த்துட்டு, இந்த முடிச்சு சுறா இழுத்தாலும் வராது எண்டார்.

பதினஞ்சு நிமிசத்தில ஒரு மூளை. ஆடு பாதி, கடல் மீதி. இப்படி ஒரு பிராணி உலகத்தில இருந்திருந்தா, தண்ணிக்குள்ள போறதா புல்லுக்குப் போறதா எண்டு தெரியாம கரையிலயே நிண்டிருக்கும்.

நான் அதை வாங்கினேன். நானும் ஒரு பட்டதாரி எண்டதை இங்க பதிவு செய்யிறேன்.

பாலாவிச் சந்தியில கொஞ்சம் நிப்பாட்டினேன். ரெண்டு நாய் வந்து என்ட பையைப் பார்த்து உக்காந்திச்சு. என்னை அவ்வளவு கவனமா எந்த வகுப்பும் பார்த்ததில்ல.

பதினொரு மணி. மேடம் பின்வாங்குல வந்து இருந்தாங்க. அதே மேடம். அதே பேனை. சாதனம் இருக்கா எண்டு கேட்டாங்க. இருக்கு மேடம் எண்டு பையைத் தட்டினேன். பையில இருந்து வாசம் எழும்பிச்சு. மேடம் மூக்கைப் பொத்தக் கைலேஞ்சியை எடுத்தாங்க.

நான் பாடத்தைத் தொடங்கினேன். கரும்பலகையில மூண்டு பேரையும் எழுதினேன். பிறகு ஒரு பீங்கான் தட்டில அதை எடுத்து மேசையில வச்சேன்.

வகுப்பு எழும்பி நிண்டிச்சு. நாற்பத்திரெண்டு பேரும் ஒரே நேரத்தில மூச்சை உள்ளுக்கு இழுத்தாங்க. இடைவேளைக்கு முன்னுக்கு, வெறும் வயித்தில இருக்கிற பிள்ளைகள். முன்வாங்குல ஒருத்தன் எச்சில் விழுங்கின சத்தம் எனக்குக் கேட்டிச்சு. ஜன்னல் பக்கம் ரெண்டு பேர் தும்மினாங்க. ஒருத்தி இருமினா.

"இது ஆட்டு மூளை" எண்டேன். "இது மூளையம். இது மூளி. இந்தக் கறுப்பா இருக்கிறது நீள்வளைய மையவிழையம்."

ரெண்டாம் வாங்குல சுமையா கையைத் தூக்கினா. அவட வாப்பா கல்பிட்டிப் பக்கம் கடலுக்குள்ள முழுகி அட்டை எடுக்கிறவர். அது எனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சும் அந்த நேரத்தில ஞாபகம் வரல்ல.

"சேர், அது அட்டை."

மேடத்தின்ட பேனை நிண்டிச்சு.

இல்ல மகள், இது பதப்படுத்தினது, அதால அப்படித் தெரியுது எண்டு சொன்னேன்.

"இல்ல சேர். அட்டைதான். எங்கட வீட்டில சாக்குக் கணக்கில இருக்கு."

நான் கொஞ்சம் குரலை உயர்த்தி, நீங்க பிழையாப் பார்க்கிறீங்க, வாங்குல இருங்க எண்டு சொல்லிட்டேன்.

அவ இருந்தா. புத்தகத்தைத் திறந்து படத்தைப் பார்த்தா. பிறகு தட்டைப் பார்த்தா. திரும்பப் படத்தைப் பார்த்தா. பிறந்ததில இருந்து பார்த்த ஒரு சாமானை அந்தப் பிள்ளை தன்ட கண்ணிலயே சந்தேகப்படுறா. என்னால. நான் சொன்ன ஒரு வார்த்தையால.

அதைப் பார்க்க எனக்கு மனசு தாங்கல்ல. பின்வாங்குல இருக்கிற அறிக்கை ஒரு பக்கம். இந்தப் பிள்ளைட முகம் ஒரு பக்கம். வேலையே போனாலும் அட்டையை அட்டை எண்டு சொல்லிட்டுப் போவம் எண்டு தோணிச்சு.

"சுமையா, எழும்புங்க" எண்டேன். "நீங்கதான் சரி. நான்தான் பொய் சொன்னேன். அது அட்டை."

பிறகு எல்லாத்தையும் கொட்டிட்டேன். இறைச்சிக் கடை, மிளகுப் போத்தல், மச்சான், காகம், பூனை, நைலோன் நூல் வரைக்கும். மேடத்தைப் பார்க்கவே இல்ல. பார்த்தா வாய் நிண்டிடும் எண்டு பயம்.

சிரிப்பு ஓய ரெண்டு நிமிசம் எடுத்திச்சு. நடுவால ஒருத்தன் எழும்பி, சேர், அந்தச் சினை பாரைச் சினை எண்டு உறுதிப்படுத்தினான். இன்னொருத்தன் இல்லடா, சூரைச் சினை எண்டான். பாதி வகுப்பு பாரை, பாதி வகுப்பு சூரை. மூளையை எல்லாரும் மறந்துட்டாங்க.

அப்ப பின்னால இருந்து மேடம் கேட்டாங்க. கைலேஞ்சிக்குள்ளால வந்த குரல்.

"மூளி இல்லாட்டி அந்த ஆடு எப்படி நடக்கும்?"

ஒருத்தரும் எதிர்பார்க்கல்ல. நானும்தான்.

விழும் மேடம் எண்டு நாலஞ்சு குரல் வந்திச்சு. எப்படி விழும் எண்டு மேடம் கேட்டாங்க. வகுப்பில ரியாஸ் எண்டு ஒருத்தன் இருக்கான். எதைக் கேட்டாலும் செஞ்சு காட்டினாத்தான் அவனுக்கு நிம்மதி. அவன் முன்னுக்கு வந்து நாலு காலில நிண்டான். ஆடாம். ரெண்டு அடி வச்சு, ஒரு பக்கம் சாய்ஞ்சு, என்ட மேசையில மோதி விழுந்தான்.

மூளையத்தில வலது பக்கம் அடிபட்டா எந்தக் கால் இழுபடும் எண்டு மேடம் கேட்டாங்க. இடது கால் எண்டு சுமையா சொன்னா. ரியாஸ் இடது காலை இழுத்துக்கொண்டு வகுப்பைச் சுத்தினான்.

மூளையமே முழுசா இல்லாட்டி எண்டு நான் கேட்டேன். எனக்கும் வேகம் வந்துட்டுது.

"நடக்கும் சேர். என்னத்துக்குப் போறோம், என்னத்தைக் கொண்டு போறோம் எண்டு தெரியாது."

"எங்கட சேர் மாதிரி" எண்டு பின்வாங்குல இருந்து ஒரு குரல். ஆர் எண்டு எனக்குத் தெரியும். அவனுக்குப் புள்ளி குறைக்க மாட்டேன், சரியான விடை.

மூச்சை ஆர் பார்க்கிறது எண்டு கேட்டேன். வகுப்பே அந்த நீளப் பேரைத் தடக்கம் இல்லாமச் சொல்லிச்சு. மூண்டு வருஷத்தில ஒரு வகுப்பும் அதை முதல் தரத்திலயே சரியாச் சொன்னதில்ல. அதை வெட்டிட்டா எண்டு கேட்டு முடிக்க முதல் ரியாஸ் தொப்பெண்டு நிலத்தில விழுந்து, கண்ணை மூடி, மூச்சை அடக்கினான்.

"இன்னா லில்லாஹி" எண்டா ஒருத்தி, மவுத்துச் செய்தி கேட்டாச் சொல்ற பழக்கதோசத்தில.

ரியாஸ் மூச்சை அடக்கிக்கொண்டே கிடந்தான். முகம் சிவந்திச்சு. கொஞ்ச நேரத்தில படீரெண்டு மூச்சை விட்டு, இருமி, தும்மினான். நான் கரும்பலகையைக் காட்டினேன். நினைச்சு அடக்கினது மூளையம், போதும் எண்டு திறந்து விட்டது நீள்வளைய மையவிழையம், கருவாட்டைப் பார்த்து எச்சில் ஊறினதும் அதாலதான் எண்டேன். எல்லாரும் எழுதினாங்க. மணி அடிச்சுது. ஒரு பிள்ளையும் எழும்பல்ல.

மேடம் போகேக்குள்ள தட்டுக்குக் கிட்ட வந்து குனிஞ்சு பார்த்தாங்க. நூலைத் தொட்டு, முடிச்சு நல்லா இருக்கு எண்டாங்க. பிறகு போயிட்டாங்க.

மூண்டு கிழமை, இருபத்தொரு ராத்திரி, எனக்கு நித்திரை இல்ல. உண்மையைச் சொன்னது சரி எண்டு பகல்ல தோணும். ஏன்டா சொன்னாய் எண்டு படுக்கேக்குள்ள தோணும். ஒரு நாள் நஸ்ரியா, பொரிச்சிருந்தா இந்தக் கவலை வந்திருக்காது எண்டா.

போன கிழமை எங்கட பள்ளிக்கூட அதிபர் கூப்பிட்டு அறிக்கையின்ட பிரதியைத் தந்தார். நிண்டபடியே வாசிச்சேன். நிரந்தரமாக்கச் சிபாரிசு செய்யப்படுகிறது எண்ட வரியை மூண்டு தரம் வாசிச்சேன். அதிபர் கதிரையை இழுத்துப் போட்டு இருக்கச் சொன்னார்.

இருந்த பிறகுதான் மற்ற வரியைக் கண்டேன். கற்பித்தல் சாதனம் எண்ட இடத்தில, அதே கையெழுத்தில: "உண்டு. மூன்றில் ஒரு பகுதி உண்மையானது."

மிச்ச ரெண்டு பகுதியும் தான் செஞ்சது எண்டு மச்சான் கண்டக்குழி முழுக்கச் சொல்லித் திரியிறார்.